காவலர் 2

ஓடம் என்று பொருள்படும் பெயர் இந்த ஊருக்கு.
ஆறுகளைக் குழாய்க்குள் அடைத்து
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
வூச், போலந்து.
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஹால்ஷ்கா, ஒலிப்பதிவு.
அந்தப் பக்கம் இரெனெயுஷ்,
ராஸ்பெர்ரி சாறு விட்ட தேநீர், ஒரு கட்டுக் காகிதம்.

எங்கள் தொலைக்காட்சியில்
வெளிநாட்டுத் தொடர்களுக்கு
ஆளுக்கொரு குரல் கிடையாது.
மணப்பெண்ணுக்கும் கடன்காரனுக்கும்
பிரசவ வலியில் கதறுகிறவளுக்கும்
அவள் தலைமாட்டில் நஞ்சு கலக்குகிறவனுக்கும்
ஒரே குரல், இரெனெயுஷின் குரல்,
ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோல.
அடியில் துருக்கி மொழியில் அவர்கள் அழுவது
சன்னமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நாயகன் கேப்டன் யாவுஸ்.
இதுவரை பதினான்கு குண்டு வாங்கியிருக்கிறார்,
பதினான்கும் மார்பில்.
எழுதுகிறவர்கள் கவனமானவர்கள்.
குதிரை செத்தால் நடப்பார்,
கால் ஒடிந்தால் தவழ்வார்,
சாகக் கிடக்கும் ஒவ்வொரு முறையும்
ஒன்றரைப் பக்கம் பேசுவார்.
மண் என்பார். மானம் என்பார்.
இரெனெயுஷ் படித்து முடித்துத்
தேநீரைக் கலக்குவார்.
வீட்டில் என் மாமியார் அழுவார்.

அறுபத்திரண்டாம் பகுதி, பதினெட்டாம் நிமிடம்.
பாலம். இரவு. பனிமூட்டம்.
ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், ஒரு கூடை.
கூடைக்குள் என்ன என்று கதை சொல்லவில்லை.
யாவுஸ் வேறெங்கோ வாள் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.
இங்கே நிற்பது காவலர் 2.
பெயர் வைக்கவில்லை.
ஒட்டுமீசை ஓரத்தில் கொஞ்சம் எழும்பியிருக்கிறது.
அவன் அவர்களைப் பார்க்கிறான்.
அவர்கள் அவனை.
பிறகு அவன்
மெதுவாகத் திரும்பி நின்றுகொள்கிறான்,
முதுகைக் காட்டி.
சிகரெட் பற்றவைக்கிறான்.
ஆற்றிடம் சொல்கிறான்:
"இன்னைக்குப் பனி ஜாஸ்தி."

அவ்வளவுதான் அவன் வசனம், தொடர் முழுவதற்கும்.
முதுகு காட்டியவனுக்கு
எந்த ஊரில் கல் நட்டார்கள்?

இரெனெயுஷ் படித்தார். சரியாகவே இருந்தது.
இன்னொரு முறை, என்றார்.
இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை.
இரண்டாவது வேகமாகப் போயிற்று.
நான்காவதில் 'பனி' கொஞ்சம் நடுங்கியது;
நடுங்கினால் எங்கள் தொழிலில் அது பிழை.
ஆறாவதில் மூச்சு மட்டும் பதிவானது.
ஏழாவது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"எண்பத்தொண்ணு டிசம்பர்," என்றார்
மைக்கை அணைக்காமல், அதே ரயில்நிலையக் குரலில்.
"எனக்கு இருபது வயசு. கட்டாய ராணுவம்.
தெருமுனையில கரி அடுப்பு, தோள்ல துப்பாக்கி.
ஊரடங்கு நேரத்துல ஒருத்தர் வந்தார்,
பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.
கோட்டுக்குள்ள காகிதக் கட்டு, ஓரம் வெளிய தெரிஞ்சுது.
நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நேருக்கு நேரா நின்னேன்.
எங்க சார்ஜென்ட் அப்புறம் தட்டிக்கொடுத்தார்."

அந்த ஆள்?

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தார்.
அடுத்த வசனத்தைப் போடு, என்றார்.
அடுத்தது யாவுஸுடையது. ஒன்றரைப் பக்கம்.
ஒரே மூச்சில் படித்தார், தடங்கலே இல்லை.

ஏழில் முதலாவதைத்தான் சேர்த்தேன்.
நான்காவதை அழிக்கக் கை போனது; போகட்டும் என்று விட்டேன்.

வியாழக்கிழமை இரவு ஒளிபரப்பு.
பாலம் வந்ததும் மாமியார்
சூப் பொங்குகிறது என்று எழுந்துபோனார்.
சமையலறையிலிருந்து கேட்டார்,
"யாவுஸ் வந்தாச்சா? ஏதாவது நடந்துச்சா?"

"இன்னும் வரலை," என்றேன்.
"ஒண்ணும் நடக்கலை.
மூணு பேர் அக்கரை போயிட்டாங்க."