மீதி

மிச்சிகன் தெருவில் பனி
ஜன்னல் உயரத்துக்கு ஏறி நின்ற வாரம்
துலூத் நிலையத்திலிருந்து ஒரு ரயிலும் கிளம்பவில்லை.
மூன்று விற்பனையாளர்கள், ஒரே அறை, ஏழு இரவு.
ஆர்வில் ஸ்டாங்குக்குத் தூரிகை வியாபாரம்.
கிளெமென்ட்டுக்குத் தையல் ஊசி.
மெர்ல் ஹாகன் கல்லறைக் கற்களின் படப்புத்தகத்தை
அக்குளில் இடுக்கிக்கொண்டேதான் தூங்குவார்.

தலைக்குப் பத்து. முப்பது டாலர்.
வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு
திருமதி லிண்ட்குவிஸ்ட் பேரேட்டைப் புரட்டினாள்:
'வார வாடகை இருபத்தைந்துதானே.
ஏய்னோ, ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா.'

உள்ளங்கையில் ஐந்து வெள்ளி டாலர்.
மாடிக்கு நாற்பத்தொரு படி.
பதினேழாவது படியில் நின்று கணக்குப் போட்டேன்.
ஐந்தை மூன்றால் வகு.
ஈவு ஒன்று. மீதி இரண்டு.
ஈவு அவர்களுக்கு.
மீதி யாருக்கு என்று
எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை.

பட்டினி என்று பொய் சொல்லமாட்டேன்.
அன்றிரவே ஒரு டாலரை உடைத்து
சினிமாவும் இரண்டு இறைச்சிப் பணியாரமும்.
பணியாரத்தில் மிளகு கூடுதல்.

மறுநாள் காலை உணவின்போது
ஸ்டாங் கரண்டியைக் கீழே வைத்தார்.
'லிண்ட்குவிஸ்ட் அம்மாள் ஐந்து என்றாளே, தம்பி?'

என் காதுக்குள் கொதிகலன் சத்தம்.
அப்போது என் நாக்குதான் பேசியது, நான் அல்ல:
'ஐயா, ஆளுக்கு ஒன்பது கொடுத்தீர்கள்.
மும்மூன்பது இருபத்தேழு.
என்னிடம் இரண்டு இருக்கிறது என்றே வையுங்கள்,
இருபத்தொன்பது.
முப்பதில் இன்னும் ஒன்று
எங்கே போயிற்று?'

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதென்பார்கள்.
ஊசி விற்கிறவருக்கே ஏற்றினேன்.

சர்க்கரைக் கட்டிகளை அடுக்கினார்கள்.
கலைத்தார்கள். பீன்ஸால் எண்ணினார்கள்.
ஹாகன் ஒரு தேவதைச் சிற்பத்தின் முதுகுப்பக்கத்தில்
பென்சில் தேயத் தேயக் கூட்டினார்.
மதியத்துக்குள் கிளெமென்ட்
ஸ்டாங்கின் கோட்டுப் பையையே பார்க்கத் தொடங்கிவிட்டார்.
பாதை திறந்த அன்று
மூவரும் மூன்று பெட்டிகளில் ஏறினார்கள்.

இருந்த இரண்டை யாரும் கேட்கவில்லை.
இல்லாத ஒன்றைத் தேடினார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
ஒரு டாலர் உண்மையாகவே தொலைந்தது.
சினிமா விட்டு வரும் வழியில்
என் கால்சட்டைப் பையின் ஓட்டை வழியே
பனிக்குள் விழுந்துவிட்டது.
சத்தம்கூட இல்லை.
ஏப்ரலில் பனி உருகும்வரை
தினமும் அந்தத் தெருவைக் குனிந்தபடியே நடந்தேன்.
ஒரு பொத்தானும் குதிரை லாடமும் கிடைத்தன.

பிறகு முப்பது வருடம்
தாதுக் கப்பல்துறையில் கணக்கெழுதினேன்.
ஒரு சென்ட் பிசகியதில்லை.

போன சனிக்கிழமை முடிதிருத்தும் கடையில்
வழுக்கைத் தலையர் ஒருவர்
அதே முப்பதை, அதே மூன்று பேரை
வேறு ஊரில் தங்கவைத்துக் கதை சொன்னார்.
எல்லோரும் கூரையைப் பார்த்து விரல் மடக்கினார்கள்.
கழுத்தில் துணியோடு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

'கூட்டாதீர்கள், கழியுங்கள்.
அந்த இரண்டு இருபத்தேழுக்கு வெளியே இல்லை.
இருபத்தேழுக்கு உள்ளே இருக்கிறது.
எடுத்துவிட்டால் இருபத்தைந்து,
அது விடுதிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.
முப்பது வேண்டுமானால்
அவர்கள் கைக்குத் திரும்பிய மூன்றைச் சேருங்கள்.
எதுவும் தொலையவில்லை.'

அட, என்றார் வழுக்கைத் தலையர்.
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தரையில் முடி கூட்டிக்கொண்டிருந்த
கடைக்காரரின் மகள் இர்மா நிமிர்ந்தாள்.
'அப்படியானால் அந்தப் பையன்
இரண்டைத் திருப்பித் தரவே இல்லையா?'

கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது.
கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கவில்லை,
துடைப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து டாலர் தாளைக் கொடுத்தேன்.
மீதியை வாங்கி
இரண்டு முறை எண்ணினேன்.
சரியாக இருந்தது.