வயர் இழுக்க வந்தவன்

பள்ளிக்கூடத்தில் இருப்பதே ஒரு பிளக் பாயிண்ட்.
அதில் தலைமையாசிரியரின் கெட்டில்.
நாற்பத்தொரு பிள்ளைக்கு நாற்பத்தொரு கணினி வருகிறது,
"ஏதாவது பண்ணு எலெயுத்தேரியோ" என்றார்.
வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஆயாப்பம்பாவுக்கு ஏறினேன்.

லாரி பாதி மலையில் நின்றுபோனது.
மிச்ச வழிக்கு லாமாக்கள்.
பாரம் ஒரு பிடி கூடினாலும்
காலை மடக்கி உட்கார்ந்துவிடும் ஜாதி அது,
அடித்தாலும் எழுந்திருக்காது.
அன்றைக்கு ஒன்றுகூட உட்காரவில்லை.
உள்ளே என்னதான் இருக்கிறது என்று
எனக்கு அப்போதே சந்தேகம்.

பிரித்தால், பொம்மை.
வெள்ளையும் பச்சையும்.
சாப்பாட்டுப் பெட்டிபோல் கைப்பிடி வேறு.

வட்டார அதிகாரி திறந்துவைக்க வந்தார்.
முன்பக்கம் நெம்பினார், பின்பக்கம் நெம்பினார்,
குப்புறப் போட்டுத் தட்டினார்,
காதருகே வைத்துக் குலுக்கினார்.
படம் எடுக்க வந்தவன்
கேமராவைத் தாழ்த்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தான்.
கடைசியில் என் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டார்.
கொடுத்தும் இருப்பேன்.

மூன்றாம் வகுப்பு யுலிசா
மூக்கை உறிஞ்சிக்கொண்டே குறுக்கே புகுந்து
அதன் இரண்டு காதுகளையும் தூக்கினாள்,
தூங்குகிற முயலை எழுப்புகிற மாதிரி.
திறந்துகொண்டது.

"அதைத்தான் சொல்லவந்தேன்" என்றார் அதிகாரி.

எனக்கும் ஒன்றை நீட்டினார்கள்.
ரப்பர் விசைகள், பட்டாணி அளவு.
என் ஒரு விரல் மூன்றை அமுக்கியது.
என் பெயரை அடித்தேன், வந்தவன் வேறு யாரோ.
பெரியவர்களை உள்ளே விடுவதில்லை என்று
யோசித்தே செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்து வெயில் எங்களுடையது.
என் கைபேசி அதில் கறுத்துப்போகும்.
இதை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள்:
நிறத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு
எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டது.
அந்த இடத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது எனக்கு.

மதியத்துக்கு மேல் ஏணியில் இருந்தேன், வாயில் ஆணிகள்.
கீழே தூரம் அளக்கும் விளையாட்டு.
ஒரு கணினி கிறீச்சிடும், எதிரில் இன்னொன்று கிறீச்சிடும்,
சத்தம் வந்துசேர்ந்த நேரத்தை வைத்து
நடுவில் எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும்.
வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த பெயர் என்பதால்
யுலிசாவுக்கு ஜோடி நெய்டா.

போன விதைப்பில் இரண்டு வீட்டுக்கும் வாய்க்கால் தகராறு.
ராத்திரியில் யாரோ மடையை மாற்ற
விடிவதற்குள் ஒரு மண்வெட்டிக் காம்பு உடைந்தது,
எதன்மேல் என்று யாரும் சொல்வதில்லை.
அன்றிலிருந்து இவர்கள்
ஒரே பெஞ்சின் இரண்டு முனை.

இவள் பின்னால் போனாள். எட்டு மீட்டர்.
அவளும் போனாள். பதினேழு.
கொடிக்கம்பம் தாண்டி, கழிப்பறை தாண்டி,
உருளைக்கிழங்குப் பாத்தியின் விளிம்புவரை.
பிறகு எண் வரவில்லை.
கிறீச். ஒன்றுமில்லை.
கிறீச். காற்றுதான்.
அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு அளக்கத் தெரியாது.
எண் வேண்டுமென்றால்
யாராவது ஒருத்தி கிட்டே வர வேண்டும்.

இரண்டு பேரும் நின்றார்கள்.
ஒரு நாய் நடுவில் போய் நடுவில் திரும்பியது.

எனக்கு வேலை இருந்தது.
சுவர்ப்பக்கம் திரும்பி ஆணி அடித்தேன்,
யார் அடி எடுத்துவைத்தாள் என்று பார்க்கவில்லை.
முதுகுக்குப் பின்னால் கிறீச்.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கிறீச்.
"இருபத்தொன்பது!" என்று கத்தியது ஒரு குரல்.
"புள்ளி ஆறு" என்றது மற்றது.

சாயங்காலம் மெயின் ஸ்விட்சைப் போட்டேன்.
பன்னிரண்டு பாயிண்ட், முறைவைத்து ஏற்றிக்கொள்ளலாம்,
பதின்மூன்றாவது போட்டால் ஃப்யூஸ் போகும் என்றேன்.
"அப்போது என் கெட்டில்?" என்றார் தலைமையாசிரியர்.

இனிமேல் உங்களுக்குப்
பச்சைத் தண்ணீர்தான், ஐயா.