நான்காம் மெட்டு

எழுபதாயிரம் பேசோ. வரியில்லாக் கடைத்தெருவில்
தலைப்பக்கம் கீறியிருந்ததைக் காட்டி
ஐயாயிரம் குறைக்கச் சொன்னேன். குறைத்தான்.
பேஸ் கிட்டார், நான்கு கம்பி, மாட்டு ஈரல் நிறம்.
உறைக்குத் தனி விலையாம்.
குப்பை கட்டும் கறுப்புப் பையில் சுற்றி,
புன்டா அரேனஸ் காற்றில் ஆள் பறக்காமலிருக்க
நகராட்சி தெருமுனையில் கட்டியிருக்கும் கயிற்றை
ஒரு கையால் பற்றிப் பற்றி
வீடு வந்தேன்.
அன்று என் வசம் மொத்தம் ஐந்து கம்பிகள்.

பகலில் நண்டு ஆலை.
முள்நண்டின் காலை முறித்துச் சதை உருவ வேண்டும்,
கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும்.
மரத்த விரலுக்குத் தடித்த கம்பி தோது என்று நினைத்தேன்.
நினைப்புதான்.
முதல் வாரமே நுனித்தோல் உரிந்து
உப்புநீரில் கைவைக்கும்போதெல்லாம்
முந்தின இரவின் தாளம் எரிந்தது.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன்.
ஒயர் செருகும் துளை தளர்ந்தது,
பத்துப் பேசோ நாணயம் அடைகொடுத்தால் இரைச்சல் நிற்கும்.
அடுப்பு மூட்டினால் கழுத்து வளையும், அணைத்தால் நிமிரும்.
எனவே சுருதி வேண்டுமென்றால் குளிர வேண்டும்.
புதுக் கம்பிக்கு வக்கில்லாத மாதங்களில்
பழையதைக் கழற்றி
உருளைக்கிழங்கு அவிக்கும் பானையில் வேகவைப்பேன்.
பத்து நிமிடம். அழுக்கு மிதக்கும்.
மறுபடி மாட்டினால் இரண்டு வாரம்
புதுசென்று பொய் சொல்லும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்வரை
கிட்டாரின் தலையை அலமாரிக் கதவில் அழுத்தி வாசித்தேன்.
அலமாரி பாடும், உள்ளே சட்டைகள் நடுங்கும்.
அலமாரிக்குப் பின்னால் சுவர்.
சுவருக்குப் பின்னால் நெவென்கா,
ஆஸ்பத்திரிச் சலவையில் இரவு வேலை, மாலையில் தூக்கம்.

போர்வையோடு வந்து கதவைத் தட்டினாள்.
"வாசி. எனக்கு ஆட்சேபம் இல்லை.
ஒரே ஒரு சத்தம் மட்டும் வேண்டாம்.
அது வந்தால் என் கண்ணாடிக் கோப்பைகள் பேசுகின்றன."
எது?
அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.
அவளைச் சமையலறையில் நிற்கவிட்டு
இங்கே ஒவ்வொரு மெட்டாக அழுத்தினேன்.
தடித்த கம்பி, ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கில்
கரண்டியால் சுவரை இரண்டு அடி அடித்தாள்.

அன்றிலிருந்து நான்கு கிடையாது.
மூன்றில் ஏறி ஐந்தில் குதிப்பேன்,
அல்லது அங்கே வந்ததும்
மூச்சைப் பிடித்து நின்றுவிடுவேன்.
சனிக்கிழமை தீயணைப்பு மன்றத்தில் கும்பியா.
டிரம்ஸ் எலிசெயோ ஒருமுறை கேட்டான்:
"யஸ்னா, அந்த இடத்தில் ஏன் தொண்டையை அடைக்கிறாய்?"
என் பாணி, என்றேன்.
நம்பினான்.
ஆடுகிறவர்களும் நம்பியிருக்க வேண்டும்,
அந்த இடம் வந்ததும்
இடுப்புகள் ஒரு கணம் காத்திருக்கும்.

இரண்டு வருடம்.
பிறகு நெவென்கா நீரிணையின் அக்கரைக்கு, போர்வெனீருக்கு,
தங்கை வீட்டுக்குப் போனாள்.
கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி
என்னிடம்தான் பெட்டியைக் கொடுத்தாள், படகுவரை.
கனமே இல்லை. ஆறோ ஏழோ இருக்கும்.
அத்தனைக்கும் பயந்தா வாசித்தேன் என்று தோன்றியது.

திரும்பி வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நான்கை அழுத்தினேன்.
சுருதி சுத்தம். சுவர் சும்மா இருந்தது.
இன்னொரு தடவை, பலமாக.
யாரோ வீட்டுக்கு வந்த உறவுக்காரன்போல
அறை நடுவே நின்றது அந்தச் சத்தம்,
எங்கே உட்காருவது என்று தெரியாமல்.

இந்தச் சனிக்கிழமை மன்றத்தில்
வேண்டுமென்றே அதைப் பாட்டுக்குள் வைத்தேன்.
எலிசெயோ நிமிர்ந்து முறைத்தான்.
அந்த ஓட்டையில் எப்போதிருந்தோ
அவன் கால் இருக்கிறது, பெரிய டிரம்மோடு.
நான் கவனித்ததில்லை.
சரி என்று மறு சுற்றில் தாண்டினேன்.
தாண்டும்போது கிட்டார் குலுங்கி
நாணயம் கழன்று மேடையில் உருண்டது.
மன்றம் முழுக்க இரைச்சல்.
குனியாமல், வாசித்தபடியே,
செருப்பு நுனியால் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.