டன் கணக்கு

ஆல்பனி, மேற்கு ஆஸ்திரேலியா. ஜூலை மழை.
துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு கல்வீடு.
கரையான் சோதனைக்கு என்னை அனுப்பியது நகராட்சி.
கையில் ஈரமானி,
இடுப்பில் அளவுநாடா.

வீட்டுக்காரி க்ளெனிஸ் பாஸ்கோ
ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"கேப்டன் ட்ரெவான்னியன் கட்டிய வீடு.
அரபிக் கரையில் அடிமைகளை மீட்டவர்.
அதோ அந்த உத்தரம்
ஒரு கொள்ளைக்காரன் கப்பலில் இருந்ததாம்."

தட்டிப் பார்த்தேன். தேக்கு.
மலபார்க் காட்டிலிருந்து மஸ்கட் போய்
அங்கிருந்து இங்கே வந்து
இன்னும் கணீரென்கிறது.

இறங்கியதும் ஒரு குறிப்பேட்டை நீட்டினாள்.
"அளவுகள்தானே உன் பிழைப்பு, பார்."

நீளம். அகலம். ஆழம். டன்.
கடைசிப் பத்தியில் தலைகள்.

மீட்ட தலைக்கு ஐந்து பவுன்.
தலையில்லாத கப்பலானால்
டன்னுக்கு நாலு.
ஆகவே எரிக்குமுன் அளந்திருக்கிறார்கள்.
நீதிபதி முன் இழுத்துவரக்
கடல் ஒருநாளும் விடவில்லையாம்.
ஒருநாளும்.

மே ஒன்பது, மசீரா தீவுக்கு வடக்கே.
பதினோரு பேர். நகுதா கிழவன்.
கிடங்கில் சுறாக் கருவாடு.
"இந்த நாற்றம் அடிமைக் கப்பலுக்கே உரியது" என்று
சாய்வான, அழகான கையெழுத்து.

கருவாட்டு நாற்றம் எனக்குத் தெரியும், கேப்டன்.
வேறெதோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

கிழவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருப்பான்,
வலையைக் காட்டியிருப்பான்,
பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்திருப்பான்.
பங்கில் பங்கு பெறும் மொழிபெயர்ப்பாளன்
அத்தனையையும் ஒரே சொல்லாக்கித் தந்தான்:
"மறுக்கிறான்."

நூற்றுமுப்பத்திரண்டு டன்.
பெருக்கினேன், ஐந்நூற்று இருபத்தெட்டுப் பவுன்.
திரும்ப நீள அகலம் பார்த்தேன்.
அந்த உடலுக்கு அந்த ஆழம் வராது.
இருபது வருஷம் ஒப்பந்தக்காரர்களோடு
மாரடித்தவன் நான்;
கூட்டி எழுதிய முழம் கண்ணில் குத்தும்.

மூடிவைத்திருப்பேன்.
விரலில் அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டது.

ஜூன் இரண்டு. நாற்பத்துமூன்று தலைகள்.
இது பொய்யில்லை. கணக்கில் கூட்டல் இல்லை.
"அடித்தட்டில் நிமிர இடமில்லை. ஆறு பேர் இறந்திருந்தனர்.
ஏழு வயதுச் சிறுமி. தண்ணீர் நானே கொடுத்தேன்.
நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்தினேன். அழுதாள்."
இங்கே மட்டும் கையெழுத்து
சாய மறந்து நிற்கிறது.

மாலுமிகள் அவளுக்குக் கப்பலின் பெயரையே வைத்தார்கள்.
ஹெரன். நாரை.
ஏடனில் இறக்கினார்கள்.
அவளுக்கு ஏற்கெனவே இருந்த பெயரை
எந்தப் பத்தியில் எழுதுவது?

பிறகு பல வெற்றுப் பக்கம்.
பிறகு இந்த ஊர்:
"ஆளில்லாத நிலம், நாற்பது ஏக்கர், வாங்கினேன்."
அதற்கு அடுத்த வரி:
"வேலி போட்ட மறுநாள்
மெனாங் ஆட்கள் மூவரை விரட்டினேன்."
ஆளில்லாத நிலத்திலிருந்து.

"தாங்குமா?" என்றாள் க்ளெனிஸ்.
தாங்கும். தேக்கைக் கரையான் தொடாது.
வடகிழக்குத் தூண்தான் உள்ளூர்க் காரி மரம்,
உள்ளே மாவாகிவிட்டது, மாற்றவேண்டும்.

மறுபடி ஏறினேன்.
உத்தரத்தின் சுவர்ப்பக்கம்
ஒரு சாண் நீளத்துக்குக் கரி.
யாரோ நெருப்பிலிருந்து இழுத்திருக்கிறார்கள்,
நல்ல மரம் என்று மனசு கேட்காமல்.
மூக்கை வைத்தேன்.
வார்னிஷ், தூசி. வேறெதுவும் இல்லை.
இருக்குமென்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

படிவத்தில் ஒரு கட்டம்: மரம் வந்த மூலம்.
பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும்
"கொள்ளைக் கப்பல்" என்றே இருக்கிறது.
அடித்துவிட்டு "மீன்பிடிக் கப்பல்" என்றெழுதினேன்.
கீழே கையெழுத்து, தேதி.

க்ளெனிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அதை இரண்டு முறை படித்தாள்.
"இதனால் வீட்டின் விலை குறையுமா?" என்றாள்.

மழை விட்டிருந்தது.
ஏணியை மடக்கினேன்.
அது எப்போதும்போல
கடைசிப் படியில் சிக்கிக்கொண்டது.