இன்னும் ஒரு சாண்

ரெசிஃபி நகரின் மேட்டில்
பள்ளியின் கூடைப்பந்துத் தரையில்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பொறியாளர் விரித்த வரைபடத்தில்
எங்கள் சந்து இல்லை.

மீன் வெட்டும் ஜுரேமா எழுந்து போனாள்,
பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்,
"இது நாங்கள்" என்றாள்.
தாளில் செதில் ஒட்டிக்கொண்டது.

இந்த ஆண்டுப் பணம் ஒன்றுக்குத்தான்:
சாக்கடையா, தெருவிளக்கா?
கை தூக்கினோம்.
எண்ணியவன் இருமுறை தப்பாய் எண்ணினான்.
மூன்றாம் முறை நாங்களே எண்ணினோம்,
உரக்க,
முதல் வரிசையிலிருந்து.

நாலு கை வித்தியாசத்தில் விளக்கு தோற்றது.
விளக்குக்குக் கை தூக்கியவள் நான்.
இரவுப் பணி முடிந்து
இன்றைக்கும் இருட்டில்தான் படியேறுகிறேன்.

ஆனாலும் குழாய் இறக்கிய அன்று
பள்ளத்தை அளந்தவள் நானே.
ஒப்பந்தக்காரர் போதும் என்றார்.
இன்னும் ஒரு சாண் என்றேன்.