எதிரி நாலு

தரமணி. மூன்றாம் மாடி. ஜன்னலுக்குத் திரை கிடையாது.
போன தேர்தலின் பேனர் இரண்டை மாட்டி
மதியம் இரண்டு மணியை இரவாக்கினோம்.
வெயில் ஊடுருவிய இடத்தில்
தோற்றுப்போன வேட்பாளர் ஒருவர்
தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாடம், சர்வதேச மனிதாபிமானச் சட்டம்.
ஜெனீவாவில் எழுதிய நானூற்றுச் சொச்சம் ஷரத்துகள்
சாப்பாட்டுக்குப் பிறகு
ஒருவரையும் விழித்திருக்க விட்டதில்லை.
அதனால் சினிமா.

வெளிநாட்டுப் படம் வேண்டாமென்றது நான்தான்.
கீழே ஓடும் எழுத்தைப் படிப்பவர்கள்
முகத்தைப் பார்ப்பதில்லை.
நம்ம ஊர்ப் படமே போதும்.
பனிமலை, ராணுவம்,
தங்கச்சி கல்யாணத்தை விட்டுவிட்டு வந்த நாயகன்.
இடைவேளைக்குச் சற்று முன்
எதிரி துப்பாக்கியைக் கீழே போடுகிறான்.
முட்டி போடுகிறான். இரண்டு கையையும் தூக்குகிறான்.
நாயகன் ஒரு வசனம் பேசுகிறான்,
பிறகு சுடுகிறான்.

விசில்.
கடைசி பெஞ்ச் இம்தியாஸ் மேசையில் தட்டிய தட்டில்
புரொஜெக்டர் ஒரு விரற்கடை நகர்ந்தது.
நானும் தட்டியிருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்,
முதல் நாள் முதல் காட்சியில்,
சட்டம் படித்து முடித்த பிறகும்.

பின்னால் ஓட்டி நிறுத்தினேன்.
சுவர் முழுக்க இரண்டு உள்ளங்கை.
"சரணடைந்த கணத்திலிருந்து இவன் இலக்கு இல்லை,
இவன் உயிருக்குப் பொறுப்பு
பிடித்தவனுடையது" என்று ஆரம்பித்தேன்.
பேனாக்கள் ஓடின. ஒரு கொட்டாவி.

"மேடம், அது எங்க அப்பா."

லோகப்பிரியா. வருகைப் பதிவுக்கு மட்டும்
வாய் திறக்கிறவள்.
வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள்.
பிறகு எழுந்து நின்று ஒப்பித்தாள்:
"பேர் எத்திராஜ்.
ரேங்க், எதிரி நாலு.
பிறந்த தேதி யாருக்கும் தெரியாது,
ஆதார்ல ஜனவரி ஒண்ணு.
நம்பர்னா, யூனியன் கார்டு நம்பர்தான் இருக்கு."

போர்க்கைதி சொல்லக் கடமைப்பட்டவை
இந்த நான்கு மட்டும்தான்.
போன வாரம் நடத்தியது.
ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

பூந்தமல்லி தாண்டி செட்டாம். மே மாதமாம்.
பனி என்பது உப்பும் தெர்மோகோலும்.
நாயகனுக்கு அந்த வசனம் வாயில் நிற்கவில்லை,
பதினோரு டேக்.
பதினோரு முறை கம்பளிக் கோட்டுக்குள் முட்டி போட்டு,
பதினோரு முறை கை தூக்கி,
சாவு மட்டும் ஒரே ஒரு முறை.
ரத்தம் பூசினால் கூடுதலாக நூற்றைம்பது.
அன்றிரவு சாலிகிராமத்தில்
கழற்றிய சட்டையை ஆணியில் மாட்ட
அவருக்குத் தோள் எழும்பவில்லை.
அம்மா தைலம் தேய்த்தாள்.

"அந்த முகத்துல பயம் தெரியுதே, நிஜமாவா?"
கேட்டது இம்தியாஸ்.
"பசி. சுட்டாத்தான் சாப்பாட்டு பிரேக்."

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றியது.
சுவரில் எத்திராஜ்
இன்னும் கையை இறக்கவில்லை. எனக்கு வேறென்னவோ போல் இருந்தது,
ரிமோட்டைத் தேடி அணைத்தேன்.

தேர்வில் கேட்டேன்:
இக்காட்சிக்குக் குற்றப்பத்திரிகை வரைக.
நாற்பத்தோரு தாள்.
எல்லோரும் நாயகனை நிறுத்தியிருந்தார்கள்,
ஷரத்து எண் சரியாகவோ தப்பாகவோ.
இம்தியாஸ் மட்டும் அடியில் பென்சிலில்:
விசில் அடித்தவனுக்கு எந்தப் பிரிவு மேடம்?
புரட்டிப் பார்த்தேன். இல்லை.
அந்தத் தாளுக்கு இன்னும் மதிப்பெண் போடவில்லை.

இன்றைக்கு அப்பாவுக்கு பின்னி மில்லில் ஷூட்டிங்
என்றாள் லோகப்பிரியா, லிஃப்ட் வராத படிக்கட்டில்.
கோர்ட் சீனாம்.
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதுமாம்.
கை தூக்க வேண்டாமாம்.