பதினொரு பேர்

டொக்டர் சொன்னது நாற்பது நிமிடம்.
அதுவும் கல்லடிப் பாலத்தில்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை,
மறுகா திரும்பி.
குடும்பிமலை ஏறச் சொல்லி
மருந்துத் துண்டில் அவர் எழுதவில்லை.

அது அஜ்வத்தின் வேலை.
சீனி வருத்தக் கிளினிக்கின் வாங்கில்
எங்களைப் பொறுக்கியெடுத்து
வட்ஸ்அப்பில் குழுவாக்கி
'இனிப்பர்கள்' என்று பெயரும் வைத்தவன்.
தை பிறந்து பத்தாம் நாள்,
கிரான் பாலம் வெள்ளத்துக்கு வெளியே வந்து நாலாம் நாள்,
ஹயஸ் வானுக்குள் விரல் நீட்டி எண்ணினான்:
பதினொன்று.

குளிருக்கு நாங்கள் பழக்கமில்லை.
திருமதி ரொசைரோ புருஷனின் மஃப்ளரைக்
காதோடு சுற்றியிருந்தார்.
கோணேசலிங்கம் சேர் இரண்டு சேட்டுப் போட்டு
அதற்கு மேல் மழைக்கோட்டு.
புல்லில் இறங்கியதும் முழங்கால் வரை ஈரம்.
பஸ்ஸுக்கு முன் ஹோர்ண் வருவது போல்
வெளிச்சம் வந்துவிட்டது,
சூடு எங்கேயோ பின்னால்.

நான் கடைசி ஆள். அது பதவி.
விசில் ஒன்றும் தந்திருந்தார்கள்.
தபால் கந்தோரில் முப்பது வருடம்
வரிசைகளின் முகத்தைப் பார்த்தவள்;
முதுகுகளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.
யாருக்கு இடுப்பு நோ,
யார் மூச்சு வாங்குவதைப்
பூப் பார்ப்பதாய் மறைக்கிறார்,
யார் யாரோடு கோபம்.
எல்லாம் முதுகில் இருக்கிறது.
விமலதாசனின் முதுகில் மட்டும்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீரை மரத்தடியில் பாதை இரண்டாய்ப் பிரிந்தது.
அஜ்வத் ஃபோனை வானத்துக்குக் காட்டினான்.
சிக்னல் இல்லை.
விமலதாசன் நிற்காமலே இடப்பக்கம் நடந்தான்.
புல் மூடிய வேர் வந்த இடத்தில்
குனிந்து பாராமல் காலைத் தூக்கி வைத்தான்.
நான் கண்டேன்.
விசில் ஊதவில்லை.

முதல் பாறையில் ஒன்றுமே இல்லை, மூடுபனி.
பால் சட்டிக்குள் எட்டிப் பார்த்தது போல.
ஆனாலும் படம் எடுத்தோம்.
இரண்டாம் பாறையில் குரங்குகள்;
தன் கட்லட் பறிபோனதாகத் திருமதி ரொசைரோ சொன்னார்.
மூன்றாம் பாறையில்தான்
பள்ளம் மெல்லத் திறந்தது.
முதலில் எதிர்ச்சுவரில் மாரி மழை வழிந்த கறுப்புக் கோடுகள்,
மறுகா கீழே, இன்னும் கீழே,
கல்லுக்கிடையில் தண்ணீரின் சத்தம், தண்ணீர் தெரியவில்லை.
அதற்கப்பால் வயல், குளம்,
கொட்டிய மிளகாய் ஒரு எருமைப்பட்டி.
யாரும் பேசவில்லை,
கோணேசலிங்கம் சேர்கூட.

றிஸ்வானா மிஸ் பையைத் திறந்தார்.
"இவ்வளவு ஏறிட்டு எத்தனையெண்டு பாக்காமப் போறதா?"
ஊசி, விரல், ஒரு துளி.
தொண்ணூற்றாறு! கைதட்டினோம்.
நூற்று நாற்பது.
திருமதி ரொசைரோ இருநூற்றுப் பத்து;
குரங்குகள் குற்றமற்றவை.
என் துளி கைதவறிக் கல்லில் விழுந்தது,
மஞ்சாடி விதை அளவு.
அதற்கும் சிரித்தோம்.

விமலதாசன் பள்ளத்துக்கு முதுகு காட்டி இருந்தான்.
"விரலத் தாங்க தம்பி."
இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகினான்.
குளிராக்கும் என்று நினைத்தோம்.
"இங்க வேணாம் மிஸ்."

ஊசிக்கு மூடி போட்டார். க்ளிக் என்றது.
சற்று நேரத்துக்கு அந்தச் சத்தம்தான்.
நான் போத்தலைத் திறந்து
என் துளி விழுந்த இடத்தைக் கழுவினேன்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை,
கேட்டால் எனக்கும் தெரியாது.

இறங்கும்போது விசிலை அவன் வாங்கிக்கொண்டான்.
வானடியில் அஜ்வத் எண்ணினான்: பத்து.
திரும்பவும் பத்து.
முகம் வெளிறி, காட்டைப் பார்த்து, எங்களைப் பார்த்து,
தன்னை எண்ணவில்லை என்பது
மூன்றாம் தடவைதான் விளங்கிற்று.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை.
பதினொரு பிளேன்ரீ, சீனி இல்லாமல்.
கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.
விமலதாசன் கதிரையை இழுத்துப் போட்டு
தானாக விரலை நீட்டினான்.
நூற்றுப் பதினெட்டு.
"நல்லாயிருக்கு" என்றார் றிஸ்வானா மிஸ்.
வேறு யாருடையதோ போல அந்த இலக்கத்தைப் பார்த்தான்.
பஞ்சு கேட்டு வாங்கினான்.
பாலம் கடந்து, கிரான் கடந்து,
ரத்தம் எப்போதோ நின்ற பிறகும்
விரலை அழுத்திப் பிடித்தபடியே இருந்தான்.